ஊவா மலைகளிலிருந்து சந்திரனும் கிரகங்களும்: தொலைகாட்டிப் புகைப்படக் கலை குறித்த ஓர் ஆய்வு

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும், அதற்கப்பால் செங்கலடிக்கும் இறங்கிச் செல்லும் பெருந்தெருவில், தேயிலை மலைகள் மெல்லத் தாழ்ந்து கீழ்நாட்டுக் காடுகளை நோக்கிச் சரியத் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கும் லுணுகலையையும், அதனைச் சூழ்ந்துள்ள ஹொப்டன், மடூல்சீமை முதலிய தோட்டப் பகுதிகளையும் வானியலோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வூர்களின் பெயரைக் கேட்டவுடன் கொழுந்தும் லயமும் பெரட்டும் சம்பளப் போராட்டமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அதே மலைகளின் மேல் ஒவ்வோர் இரவும் விரியும் ஆகாயமும் அங்கு வாழும் மக்களுக்கு உரிய செல்வமே. அச்செல்வத்தில் ஒரு பகுதி, உலகின் பெரிய நகரங்களில் விலையுயர்ந்த கருவிகளோடு காத்திருப்போருக்கும் எளிதிற் கிட்டாத பகுதியாகும்.

ஒரு பாடசாலை ஆசிரியரோ, தோட்ட உத்தியோகத்தரோ, உயர்தர வகுப்பு மாணவரோ, ஒரு சிறிய தொலைகாட்டியையும் கையிலுள்ள தொலைபேசிக் கமராவையும் கொண்டு சந்திரனையும் கிரகங்களையும் படமெடுக்க முற்பட்டால், அம்முயற்சி பொழுதுபோக்கு என்ற அளவில் நின்றுவிடுமா, அன்றி அறிவின் பொதுக் களஞ்சியத்துக்கு ஏதேனும் சேர்க்குமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. விண்கலங்கள் வியாழனைச் சுற்றிவரும் இக்காலத்தில் இவ்வினாவைக் கேட்பதே பேதைமை என்று சிலர் கருதக்கூடும். வரலாறு, இடம், செய்முறை, நேர்மை என்னும் நான்கு பக்கங்களிலிருந்தும் நோக்கினால், அவ்வாறு கருதுவதற்கு ஆதாரமில்லை என்பது புலனாகும்.

திருகோணமலையில் ஒரு முன்னோடி

இவ்வினாவுக்கு இலங்கை மண்ணிலேயே, இருபதாம் நூற்றாண்டின் வாயிலிலேயே, ஒருவர் விடை கூறிவிட்டார். பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வர்த் 1867ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தவர். இலங்கைப் புகையிரதப் பகுதியின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த்தின் மைந்தர். பிரித்தானிய அரச பொறியியற் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, திருகோணமலையில் பணியாற்றி, அங்கேயே 1908 டிசம்பரில் காலமானவர். வானியல் அவருக்குத் தொழிலன்று. கால்வர் என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் ஆக்கிய பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றை அவர் தம் சொந்த ஆர்வத்தினாலேயே கொண்டுவந்து நிறுவி, வியாழனின் முகத்தில் தோன்றும் ஒவ்வொரு மேகக்குறியும் கிரகத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஆயிரக்கணக்கிற் குறித்துவைத்தார்.

அக்குறிப்புகளின் பயனை 1901ஆம் ஆண்டு உலகம் கண்டது. வியாழனின் தென் அயன மண்டலத்தில் கருநிறமான ஒரு கலக்கம் எழுவதை அவ்வாண்டு பெப்ரவரியில் மோல்ஸ்வர்த் அவதானித்தார். அக்கலக்கம் ஏறக்குறைய நாற்பதாண்டு காலம், 1939 வரை, அக்கிரகத்தின் முகத்தில் நிலைத்திருந்து, பெரிய செம்புள்ளியை மீண்டும் மீண்டும் கடந்து சென்று, வியாழ வளிமண்டலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் விருந்தாயிற்று. செவ்வாய்க் கிரகத்தின் பெருங்குழி ஒன்று இன்றும் மோல்ஸ்வர்த்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய வெற்றிக்குக் காரணம் கருவியின் பருமன் மட்டுமன்று. ஐரோப்பாவில் அதனினும் பெரிய தொலைகாட்டிகள் அன்று பல இருந்தன. கிரகங்கள் தலைக்கு மேலே உயர்ந்து செல்லும் நாட்டில், காற்று அடங்கும் இரவுகளைத் தவறவிடாமல், கண்டதை உடனுக்குடன் நேரத்தோடு எழுதிவைத்த சிரத்தையே அவரைத் தனித்துக் காட்டியது.

ஆனால் மோல்ஸ்வர்த் புகைப்படக்காரரல்லர். கண்ணையும் பென்சிலையுமே நம்பினார். ஒளிப்படத் தகடு பிறந்து அறுபதாண்டு கடந்திருந்தும், கிரகங்களை ஆராய்வோர் பென்சிலைக் கைவிடாமைக்குத் தக்க காரணம் இருந்தது.

தகட்டின் வெற்றியும் தோல்வியும்

1839இல் தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, நியூயோர்க்கில் ஜோன் வில்லியம் டிரேப்பர் சந்திரனின் படத்தை வெள்ளித் தகட்டிற் பதித்தார். 1851இல் ஹார்வர்ட் வானிலையத்தின் பதினைந்து அங்குலத் தொலைகாட்டியைக் கொண்டு விப்பிளும் பொண்டும் எடுத்த சந்திரப் படம் இலண்டன் மாநகரின் பெருங்கண்காட்சியில் மக்களை வியப்பில் ஆழ்த்தியது. நூற்றாண்டு முடிவதற்குள் பாரிஸ் வானிலையத்தில் லோவியும் புய்சேயும் சந்திரனுக்கு முழுமையான புகைப்பட ஏடு ஒன்றையே தொகுக்கத் தொடங்கிவிட்டனர். சந்திரனைப் பொறுத்தவரை தகடு பென்சிலை வென்றது என்பதில் ஐயமில்லை.

கிரகங்களிடம் அவ்வெற்றி கிட்டவில்லை. பாகையின் 3,600இல் ஒரு பங்கை விகலை என்று வைத்துக்கொண்டால், சந்திர பிம்பம் நம் கண்ணுக்கு ஏறக்குறைய 1,800 விகலை அகலமுடையது. வியாழனோ மிக அண்மையில் வரும்போதுங்கூட 50 விகலைதான். சனியின் உடல் 20 விகலை. செவ்வாய் நமக்கு மிக அருகில் வந்த 2003 ஆகஸ்டிலும் 25 விகலையைச் சற்றே தாண்டியது. இத்தனை சிறிய பிம்பத்தைப் பெருக்கிப் பழைய தகட்டில் விழச் செய்தால் அதன் ஒளி மங்கிவிடும். மங்கிய ஒளியைப் பதிக்கத் தகட்டுக்குச் சில வினாடிகளேனும் வேண்டும். அச்சில வினாடிகளில் நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலம் பிம்பத்தைப் பலமுறை அசைத்துக் குலைத்துவிடும். ஆகவே தகட்டிற் படிவது கிரகத்தின் உண்மை உருவமன்று, அது குலைந்த நிலைகள் அனைத்தின் கலவையே. தொலைகாட்டியில் கண் வைத்திருப்பவரின் நிலை வேறு. காற்று ஒரு கணம் அடங்கும்போது தோன்றும் தெளிவை அவர் மனத்திற் பிடித்துக்கொள்கிறார். குலைந்த கணங்களை மறந்துவிடுகிறார். இவ்வாறு தேர்ந்து கொள்ளும் ஆற்றல் தகட்டுக்கு இல்லாமற் போனமையாலேயே, கிரக ஆராய்ச்சியில் வரைபடம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை புகைப்படத்தோடு போட்டியிட்டு நிலைத்தது.

இந்நிலையை மாற்றியவை மலையளவு பெரிய தொலைகாட்டிகள் அல்ல. கணினியோடு இணைத்து முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்கப்பட்ட மலிவான சிறு கமராக்களே. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆர்வலர் சிலர் அவற்றின் வில்லையைக் கழற்றிவிட்டுத் தொலைகாட்டியிற் பொருத்தினர். ஒவ்வொரு வினாடியும் பல படங்களாக, சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்கள் அசையும் பதிவாகக் கிடைத்தன. மிகக் குறுகிய காலப் பதிவுகள் பலவற்றுள் ஒரு சில வளிமண்டலத்தின் குழப்பத்துக்குத் தப்பிவிடும் என்பதை டேவிட் ஃபிரைட் 1978இலேயே கணித்துக் காட்டியிருந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த கோர் பெரேவூட்ஸ் ஆக்கிய ரெஜிஸ்டாக்ஸ் என்னும் கணினி நிரலும், பின்னர் எமில் கிராய்காம்ப் ஆக்கிய ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் நிரலும் அக்கணிப்பை எவரும் செய்யத்தக்க செயலாக்கின. கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் முற்றிய இலையை விட்டுத் தளிரை மட்டும் கிள்ளுவதுபோல, இந்நிரல்கள் ஆயிரக்கணக்கான படங்களுள் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இசைத்து அடுக்குகின்றன. முன்னர் மோல்ஸ்வர்த்தின் கண்ணும் நினைவும் செய்த தேர்வை இப்போது கணினி செய்கிறது. மேலும், அத்தேர்வின் பயன் எவரும் அளந்து பார்க்கத்தக்க ஆவணமாக நிலைத்து நிற்கிறது.

இதன் விளைவுகளை விரைவிலேயே காண முடிந்தது. வானியலைத் தொழிலாகக் கொள்ளாத கிறிஸ்டோபர் கோ, பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு, வியாழனின் வெண்ணிற நீள்வட்டப் புயலொன்று செந்நிறமாக மாறிவிட்டதை 2006 பெப்ரவரியில் உலகுக்கு அறிவித்தார். அவுஸ்திரேலியாவில் அந்தனி வெஸ்லி, பதினான்கரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியைக் கொண்டு 2009 ஜூலை 19ஆம் நாள் வியாழனின் முகத்திற் புதியதொரு கருவடுவைக் கண்டார். ஏதோவொரு விண்பொருள் அக்கிரகத்தில் மோதியதன் தழும்பு அது என்பதைப் பெரிய வானிலையங்கள் பின்னரே உறுதிசெய்தன. மறு ஆண்டு ஜூன் 3ஆம் நாள், வியாழனில் ஒரு விண்கல் வீழ்ந்து எரிந்த ஒளிக்கீற்றை அவ்விருவரும் இரு நாடுகளிலிருந்து ஒரே வேளையிற் பதிவு செய்தனர். 2016இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தின் கமரா எதனை நோக்க வேண்டுமெனத் திட்டமிடுவதற்கும் ஆர்வலர்களின் படங்கள் துணைசெய்தன. விண்கலம் ஒரு சில பகுதிகளை மிக அண்மையில் காண்கிறது. ஒவ்வோர் இரவும் முழு முகத்தையும் காண்பவர்கள் பூமியில் பரந்து வாழும் ஆர்வலர்களே.

ஏழாம் பாகையின் பேறு

இனி இடத்தை நோக்குவோம். லுணுகலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் உள்ளது. இவ்வோர் எண்ணில் அடங்கியிருக்கும் நன்மை பெரிது. சந்திரனும் கிரகங்களும் சூரியன் செல்லும் வீதியை ஒட்டியே செல்வன. அவ்வீதி வான நடுவரையின் இருபுறத்தும் இருபத்துமூன்றரைப் பாகை வரை சாய்ந்துள்ளது. ஒரு கிரகம் அதன் தென்கோடியில் நிற்கும் ஆண்டிலும் லுணுகலையில் தன் உச்சத்தை அடையும் வேளையில் அறுபது பாகை உயரத்தில் விளங்கும். வடகோடியில் நிற்கும் ஆண்டில் எழுபத்துநான்கு பாகை உயரத்திற்கு ஏறும். இடைப்பட்ட ஆண்டுகளில் தலைக்கு நேர் மேலேயே கடந்து செல்லும். அதே தென்கோடிக் கிரகத்தை இலண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அது அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைக்கு மேல் எழுவதேயில்லை.

உயரம் இவ்வளவு முக்கியமாவதேன்? தாழ்ந்து நிற்கும் கிரகத்தின் ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் ஊடுருவி வருவதால் அதிகமாகக் கலங்குகிறது. அதுமட்டுமன்றி, முப்பட்டைக் கண்ணாடியினூடே வந்ததுபோல நிறம் பிரிந்து, கிரகத்தின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் சிவப்பும் கசிகின்றன. குளிர்நாட்டு ஆர்வலர் இக்குறையை நீக்கவே தனிக் கருவிகள் வாங்குகின்றனர். தங்கள் ஆண்டு விடுமுறையை வெப்பமண்டலத் தீவுகளில் கழிப்பவரும் உளர். ஊவாவில் வாழ்பவருக்கு அந்நன்மை முற்றத்திலேயே கிடைக்கிறது. மோல்ஸ்வர்த்தின் திருகோணமலை எட்டரைப் பாகையிலும், கோவின் செபு பத்துப் பாகையிலும் இருப்பது தற்செயலன்று என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு நன்மையும் சொல்லத்தக்கது. நெபுலாக்களையும் தூரத்து விண்மீன் மண்டலங்களையும் படமெடுப்போர் இருண்ட வானத்தைத் தேடி அலைய வேண்டும்; சந்திரனும் கிரகங்களுமோ தாமே பேரொளியுடையவை. ஆகவே பதுளை நகரின் விளக்குகளுக்கு நடுவிலிருந்தும் இக்கலையைப் பயிலலாம். வானத்தின் இருளைவிடக் காற்றின் அமைதியே இங்கு வேண்டப்படுவது.

எனினும் ஏழாம் பாகை ஓர் இடரையும் தருகிறது. வானச் சுழற்சியைத் தானே பின்தொடரும் தொலைகாட்டித் தாங்கிகளைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி அமைக்க வேண்டும். இங்கே அந்நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு ஏழு பாகை மேலேதான் நிற்கிறது. ஒரு சிறு குன்றோ, தேயிலைக்கு நிழல் தரும் ஒரு சவுக்கு மரமோ அதனை மறைத்துவிடும். அத்தகைய இடத்தில், தெற்கு வானிலும் கிழக்கு வானிலும் ஒவ்வொரு நட்சத்திரத்தைத் தேர்ந்து, அது பார்வையில் மேலோ கீழோ நகர்வதைப் பார்த்துப் பார்த்துத் தாங்கியைத் திருத்தும் பழைய முறையே கைகொடுக்கும். எளிய சுழல்தாங்கியில் வைத்த தொலைகாட்டியைக் கையால் நகர்த்தியும் நல்ல படம் எடுக்கலாம். ஆனால் கிரகம் நேர் உச்சியில் நிற்கும்போது அத்தாங்கியைத் திருப்புவது கடினமாதலால், உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரோ பின்னரோ படமெடுப்பது நலம்.

கச்சானும் மழையும் மூடுபனியும்

ஊவாவின் பருவங்கள் கொழும்பின் பருவங்கள் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மத்திய மலைகளைத் தாண்டி இறங்கும்போது ஊவாவில் வறண்ட கச்சானாக வீசுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணத்தை அளிக்கிறது. மேற்கே நாட்கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும் அம்மாதங்களில் இங்கே வானம் திறந்திருக்கும். ஆனால் திறந்த வானம் அமைதியான வானமாகிவிடாது. மலைமுடிகளைக் கடந்து இறங்கும் காற்று சுழித்துச் சுழித்து வருவதால் பிம்பம் துடிக்கும், குழாயே அசையும். ஆகையால் கச்சான் காலத்தில் காற்று தணியும் வேளை பார்த்து, பெரும்பாலும் விடியலுக்கு முந்திய நேரத்தில், மேற்கு மலைத்தொடரின் பக்கம் அல்லாமல் உச்சியிலோ கிழக்கிலோ நிற்கும் கிரகத்தை நோக்குவதே அறிவுடைமை.

வடகீழ்ப் பருவ மழை நவம்பர் முதல் ஜனவரி வரை இக்கிழக்குச் சரிவுகளை நனைக்கும் காலம் கருவிகளுக்கு ஓய்வுக்காலம். அக்காலத்தில் ஈரம் வில்லைகளிற் பூஞ்சணமாகப் படிந்து அவற்றை நிலையாகக் கெடுத்துவிடக் கூடுமாதலால், நன்கு மூடும் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொருளோடு வைத்துக் காப்பது கட்டாயம். மழை ஓய்ந்தபின் வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் காற்றற்ற இரவுகளே கிரகப் படத்துக்கு ஏற்ற காலம். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பெய்து தீர்ந்தபின் கழுவிவிட்டாற்போல் தெளியும் இரவுகளும் உண்டு.

இடத்தின் நுண்ணிய வேறுபாடுகளும் கவனிக்கத்தக்கவை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரையும் சீமெந்து முற்றமும் இரவின் முற்பகுதி முழுவதும் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். லயத்தின் கூரைக்கு மேலாகக் கிரகத்தை நோக்கினால், எத்தனை நல்ல தொலைகாட்டியும் பயனற்றதாகிவிடும். புல்தரையில், தேயிலைச் செடிகளின் மேலாகப் பார்வை செல்லுமாறு கருவியை நிறுத்த வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் மூடுபனி சேரும். சரிவின் நடுப்பகுதியே நல்லது. வீட்டினுள்ளிருந்து வெளிக்கொணர்ந்த கண்ணாடி குளிர்ந்து அடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை குழாய்க்குள்ளேயே வெப்பக் காற்று சுழன்றுகொண்டிருக்கும்.

கருவியும் செய்முறையும்

தொடங்குவோருக்கு நூற்றைம்பது மில்லிமீற்றர், அதாவது ஆறங்குல, தெறிப்புத் தொலைகாட்டி போதுமானது. அதன் பிரித்துக்காட்டும் எல்லை ஏறக்குறைய முக்கால் விகலை. சந்திரனின் தூரத்தில் அது ஒன்றரைக் கிலோமீற்றரளவான நுணுக்கத்துக்குச் சமம். தொலைகாட்டியைவிடப் பலர் அலட்சியம் செய்வது அதன் கண்ணாடிகளின் சீரமைப்பையே. ஒளிமிக்க ஒரு நட்சத்திரத்தை நோக்கிக் குவியத்தைச் சிறிது கலைத்தால், வட்ட வட்டமான ஒளி வளையங்களும் அவற்றின் நடுவே இரண்டாம் கண்ணாடியின் நிழலான ஒரு கரும்பொட்டும் தெரியும். பொட்டு ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடிகள் கோணியிருக்கின்றன என்பது பொருள். பின்புறத்துள்ள மூன்று திருகாணிகளையும் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவுக்குக் கொண்டுவந்து, பொட்டு வளையங்களின் மையத்தில் வந்து நிற்கும்வரை திருத்த வேண்டும். இப்பயிற்சியில் தேர்ந்தவரின் ஆறங்குலக் கருவி, இதனைப் பொருட்படுத்தாதவரின் பத்தங்குலக் கருவியை வெல்லும்.

முதற்பாடம் சந்திரனே. பார்வைத்துண்டின் மேல் கைத்தொலைபேசியைப் பிடித்தோ, அதற்கென விற்கும் பிடிமானத்திற் பொருத்தியோ எடுக்கும் படமே முதல் இரவின் மகிழ்ச்சிக்குப் போதும். இலங்கையில் பௌர்ணமிப் போயா விடுமுறை நாளாதலால் அன்றுதான் எல்லோரும் சந்திரனை ஏறிட்டு நோக்குகின்றனர். ஆனால் படமெடுப்போருக்குப் பௌர்ணமி பயன் குறைந்த நாள். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலின்றி மேடுபள்ளங்கள் மறைந்து, டைக்கோ முதலிய குழிகளிலிருந்து விரியும் வெண்கதிர்கள் மட்டுமே எடுபடும். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டிலேயே சந்திரனின் உருவம் உயிர்பெறுகிறது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய இரவுகளில் அப்பெனைன் மலைத்தொடரும், நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் நேர்ச்சுவர் எனப்படும் பாறைப்பிளவும் கூரிய நிழலோடு எழுகின்றன.

நவமி, தசமி இரவுகளில் கோப்பர்னிக்கஸ் குழியில் சூரியன் உதிக்கும் காட்சியைக் காணலாம். தொண்ணூற்றுமூன்று கிலோமீற்றர் விட்டமுள்ள அக்குழியின் மேற்கு மதிற்சுவர் முதலில் ஒளிபெற, அடித்தளம் முழுவதும் மைபோன்ற நிழலில் மூழ்கியிருக்கும். பின்னர் நடுவேயுள்ள சிகரங்களின் நுனிகள் தனித்தனி ஒளிப்புள்ளிகளாக அந்நிழலிலிருந்து எழும். படிப்படியாக அமைந்த உட்சுவர்கள் ஒவ்வொரு படியாக வெளிச்சத்திற்கு வரும். சந்திரனின் நடுவரையில் உதயக்கோடு மணிக்குப் பதினைந்து கிலோமீற்றரளவில் நகர்வதால், ஒரே இரவில் ஒரு மணி நேர இடைவெளிவிட்டு எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் அம்மாற்றத்தை ஒரு சிறுவனும் கண்டுகொள்வான். அந்நிழலின் நீளத்தையும் சூரியனின் கோணத்தையும் கொண்டு மலையின் உயரத்தைக் கணித்தறிவது பாடசாலைத் திரிகோண கணிதத்துக்கு உட்பட்ட செயலேயாகும்.

கிரகங்களுக்கு வருவோம். இங்கே பார்வைத்துண்டுக்குப் பதிலாக, கணினியோடு இணையும் சிறு கமராவையும், பிம்பத்தைப் பெருக்கும் பார்லோ வில்லையையும் பொருத்துவர். கமராவின் ஒளிப்புள்ளி எத்தனை மைக்குரோமீற்றரோ அதனை ஐந்தாற் பெருக்கி வரும் எண்ணை, குவியத்தூரத்துக்கும் கண்ணாடி விட்டத்துக்கும் உள்ள விகிதமாக வைத்துக்கொள்வது அநுபவத்திற் கண்ட நல்ல விதி. வியாழனை எடுக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் நூறில் ஒரு வினாடியளவு ஒளி போதும். இரண்டு நிமிடத்தில் பன்னீராயிரம் படங்கள் சேர்ந்துவிடும். அவற்றுள் இரண்டாயிரத்தைத் தெரிந்தெடுத்து அடுக்கினால், படத்தின் இரைச்சல் அவ்வெண்ணின் வர்க்கமூலத்தின் அளவாக, நாற்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு தனிப்படத்தில் மணல் தூவியதுபோற் கிடந்த பட்டைகளின் விளிம்புகள் அப்போதுதான் துலங்குகின்றன. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேற் பதிவு நீளக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத் தானே சுற்றிவிடுவதால், அதன் நடுவிலுள்ள ஒரு குறி நிமிடத்துக்குக் கால் விகலை நகர்கிறது. மூன்று நிமிடத்தில் அந்நகர்வு நம் ஆறங்குலக் கருவியின் எல்லையையே எட்டிவிடுகிறது.

சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் பூமிக்கு விளிம்பு காட்டி மெலிந்தன. இனி ஆண்டுக்காண்டு விரிந்து 2030களின் தொடக்கத்தில் அகலத் திறக்கும். செவ்வாய் ஏறக்குறைய இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை, சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் எதிர்நிலைக்கு வரும். 2027 பெப்ரவரியில் வரும்போது சிறுத்தே தோன்றினும், 2035 செப்டெம்பரில் மிக அருகில் வரும். வெள்ளியோ பிறையும் பாதியுமாகக் கலைகள் காட்டும். சூரியனின் முகத்தை மட்டும், தொலைகாட்டியின் முன்புறத்தை முற்றாக மூடும் தக்க வடிகட்டி இல்லாமல் எவரும் எக்காலத்தும் நோக்கலாகாது. ஒரு கணம் போதும் கண்ணைக் குருடாக்க.

உண்மையும் ஒப்பனையும்

படம் அழகாக அமைந்தவுடன் ஒரு வினா எழுகிறது: இது கண்ட காட்சியா, செய்த காட்சியா? அடுக்கிய படத்தைக் கூர்மையாக்கும் கணினிப் பொறிகள் அளவாகப் பயன்பட்டால் மறைந்திருந்த நுணுக்கத்தை வெளிக்கொணர்கின்றன. அளவு மிஞ்சினால் இல்லாத நுணுக்கத்தையே படைத்துவிடுகின்றன. செவ்வாயின் ஒளிமிக்க விளிம்பை ஒட்டி உட்புறமாகத் தோன்றும் போலி வில்லும், சனியின் வளையத்திற் காணும் போலிப் பிரிவுகளும் இதற்குச் சான்றுகள். இக்காலத்துக் கைத்தொலைபேசிகளிற் சில, சந்திரனை நோக்குகிறோம் என்று அறிந்தவுடன், தாம் முன்னரே கற்ற சந்திர உருவத்தின் நுணுக்கங்களைத் தாமாகவே படத்திற் சேர்த்துவிடுகின்றன. அவ்வாறு வந்த படத்தில் சந்திரன் இருப்பது உண்மை. அன்றிரவின் சந்திரன் இருக்கிறதா என்பதுதான் ஐயம். அத்தகைய வசதியை நிறுத்திவைத்து, கமரா பெற்ற மூலப்பதிவையே சேமிக்க வேண்டும்.

இதற்கு உறுதியான பரிகாரம் ஒன்றுதான். ஒரே இரவில் சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளைத் தனித்தனியே, ஒரே முறையிற் செப்பஞ்செய்து பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே குறி, கிரகச் சுழற்சிக்கு ஏற்றவாறு இடம்பெயர்ந்து காணப்பட்டால் அது வியாழனுக்கு உரியது. ஒன்றில் மட்டும் காணப்பட்டால் அது நம் ஆசைக்கு உரியது. இச்சோதனையை வழக்கமாக்கிக் கொண்டவரின் படத்தை உலகின் எந்த ஆராய்ச்சியாளரும் மறுக்கமாட்டார்.

நாள் குறித்த படத்தின் மதிப்பு

இவ்வளவும் ஆராய்ந்தபின் முதல் வினாவுக்கு விடை தெளிவாகிறது. ஆர்வலரின் படம் அறிவுக்குப் பயன்படுவது அதன் அழகினால் அன்று. எந்த நாளில், எந்த வேளையில், எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பினாலேயே. கொடைக்கானல் வானிலையம் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பு, அப்படங்களுள் எந்த ஒன்றும் தனித்து நின்று பெருமை பெறாதபோதிலும், நூறாண்டுச் சூரிய மாற்றங்களைக் கூறும் அரிய ஆவணமாக இன்று மதிக்கப்படுகிறது. நேரம் குறிக்கப்படாத வியாழப் படம் கண்ணுக்கு விருந்தாகலாம்; நேரம் குறித்த மங்கலான படமோ, நாளை ஒரு புதிய கலக்கம் தோன்றும்போது, அது நேற்று இருந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சியாகும். இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துச் சர்வதேச நேரத்தில் எழுதிவைத்தால் அச்சாட்சி எந்நாட்டிலும் செல்லும். பிரித்தானிய வானியற் சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய பதிவுகளை நெடுங்காலமாகச் சேர்த்து ஆராய்ந்து வருகின்றன.

இம்மண்ணில் தமிழர் வானியலைக் கற்றது புதிதன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழ் மாணவர் வானியல் பயின்றனர். அங்கு ஆசிரியராக இருந்த ஹொய்சிங்டன் அவர்களுக்கெனவே ஒரு வானியல் நூலை 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். மொறட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பானிய உதவியாற் பெற்ற நாற்பத்தைந்து சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி 1996 முதல் இயங்குகிறது. ஆயினும் மலையகத்துப் பிள்ளைகளுக்கும் அக்கல்விக்கும் இடையே இன்னும் நெடுந்தூரம் கிடக்கிறது. கட்டுபெத்தைக்குப் பயணம் போக இயலாத பிள்ளைக்கு வியாழன் எட்டாத பொருளாகிவிடக் கூடாது. வானம் லுணுகலைக்கு மேலேயும் இருக்கிறது. அதுவும் கிரகங்களைப் பொறுத்தவரை உலகின் மிகச்சிறந்த வானங்களுள் ஒன்றாகவே இருக்கிறது.

ஆதலால் பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பகுதிகளின் தமிழ்ப் பாடசாலைகள் தம்முள் இசைந்து ஓர் ஆறங்குலத் தொலைகாட்டியைப் பொதுவாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு மாதம் ஒரு பாடசாலையாக அது சுற்றிவரலாம். சனியின் வளையம் விரிந்து வரும் இவ்வாண்டுகளில், எதிர்நிலை மாதத்தில் ஆண்டுக்கு ஒரு படமேனும் ஒரே முறையில் எடுத்து வந்தால், இன்று ஆறாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை பல்கலைக்கழகம் புகும் காலத்தில், அவ்வளையத்தின் விரிவைத் தன் பாடசாலையின் பதிவிலிருந்தே நிறுவிக்காட்ட இயலும். கருவிக்குப் பணம் திரட்டும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நாள், நேரம், காற்றின் நிலை, வானத்தின் தெளிவு, சந்திரனின் கலை ஆகியவற்றை வெறுங்கண்ணாற் கண்டு எழுதும் குறிப்பேட்டை இன்றிரவே தொடங்கலாம். அவ்வேட்டை ஓராண்டு தவறாமல் நிரப்பிய பாடசாலையிடம் தொலைகாட்டியை ஒப்படைத்தால், அது அலுமாரியில் தூசுபடியாது என்பது உறுதி.